அடிச்சா யாராவது விழணும்

மே 28
மார்க்கையன்கோட்டை வீட்டார் எங்கள் மகள் பெனிட்டாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறதாம். குஸ்தி மேடையில் நடுவராக நின்று விசில் ஊதுகிற பெண்ணாச்சே என்று பயந்தேன். மாப்பிள்ளை முதலில் விசாரித்ததே அதைத்தான். சம்பந்தி செருப்பு மாட்டும்போது சொன்னார்: "அந்தோணியார் திருவிழாவுல உங்க குஸ்தியாமே. குடும்பத்தோட வாறோம்."
எங்க வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

மே 29
காரணம் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் மேடையில் ஜெயிப்பது என் தம்பி ஆரோக்கிய பிரபு, தோற்பது என் வீட்டுக்காரர். வீட்டிலேயே பேசிவைத்துக்கொள்வதுதான். மைக்கைப் பிடித்து இரண்டு பேரையும் கிண்டல் பண்ணுவது நான்.
"சம்பந்தி முன்னாடி மல்லாக்க கெடக்கணுமா அமுதா? ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும். இல்லாட்டி இனி மேடை ஏற மாட்டேன்."
கிண்டல் வாய் வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

ஜூன் 2
தம்பி ஒத்துக்கொண்டான். "மாமாவுக்காக விழுறேன்க்கா." ஆனால் பயலுக்கு விழத் தெரியவில்லை. தோட்டத்தில் வாழைச் சருகைக் குவித்துப் பழக்கினோம்.
"ஏலே, பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கிற மாதிரி உக்காருறியே" என்றேன்.

ஜூன் 5
லோயர் கேம்பில் பாசனத்துக்கு அணைத் தண்ணீர் திறந்தாச்சு. இங்கே சாரல். சருகெல்லாம் சொதசொத. தம்பிக்கு இடுப்புப் பிடிப்பு.

ஜூன் 9
புதுத் தலைவலி. எங்கள் வித்தையில் கை மேலே படாது. அடிக்கிறவன் மேடைப் பலகையில் ஓங்கி மிதிப்பான், அந்தச் சத்தம் கேட்டதும் மற்றவன் விழுவான். இன்று இவர் கையை ஓங்கினார், மிதித்தார் — இவரே விழுந்தார். நாலு தடவை. சத்தம் கேட்டால் உடம்பு தானாகச் சாய்கிறது.
தம்பி நின்றபடி, "இப்ப நான் விழணுமா, மாமாவைத் தூக்கணுமா?"

ஜூன் 13
சிரிச்சு சிரிச்சு எழுத முடியலை.
சம்பந்தி முன் வரிசையில். கடைசி அடி. இவர் மிதித்தார், மடேரென்று இவரே மல்லாக்க. போச்சு — எல்லாம் போச்சு. வாயில் தானாக வந்தது: "பாத்துக்கங்கப்பா, எங்க வீட்டுக்காரர் அடிச்சா யாராவது ஒருத்தர் விழுந்தே ஆகணும்."
முதலில் சிரித்தது தம்பி. வயிற்றைப் பிடித்தான், மண்டி போட்டான், உருண்டான். பெனிட்டா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஆறில் இவர் எழுந்து நின்றார். விழுந்து எழுவதில் அவரை மிஞ்ச ஆள் ஏது? தம்பி எழப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி சிரித்துச் சாய்ந்தான். பத்து. பெனிட்டா அப்பா கையைத் தூக்கினாள்.

ஜூன் 14
"நெசமாச் சொல்லு, விட்டுக் குடுத்தியா?" காலையிலிருந்து இவர் ஐந்து முறை தம்பியைக் கேட்டாச்சு.
"பேசிவச்சதே மறந்துபோச்சு மாமா. சத்தியமா எந்திரிக்க முடியல."
அப்படியானால் இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் மேடையில் நடந்த ஒரே நிஜக் குஸ்தி அதுதான். இவர் இரண்டாவது காபி கேட்டார்.

செப்டம்பர் 8
பெனிட்டா கல்யாணத்துக்குப் பிறகு முதல் ஆட்டம், தேவதானப்பட்டியில். விசில் இன்னும் அவளிடம்தான். எங்க வீட்டுக்காரர் தோற்றார், அவரே கேட்டு வாங்கிய தோல்வி. சம்பந்தி, பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டிச் சொன்னது மைக் வரை கேட்டது: "எப்படி விழுறாக பாருங்க. எங்க சம்பந்தி."
வீடு வரும்வரை இவர் வண்டியில் விசிலடித்துக்கொண்டே வந்தார்.