சண்முகத்தாயின் தூசிப் பெட்டி

3.10.88
இன்று முதல் என் மோட்டார் பட்டறைதான் விஞ்ஞானக் கூடம். எட்டாம் வகுப்போடு நின்றவன் இடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்கிறார்கள். ராஜபாளையத்தில் வேறு எவனுக்கு இந்தக் கொடுப்பினை? மூன்று பேர். அக்கா மகள் சண்முகத்தாய், அண்ணன் மகன் தவசிமுத்து, அவன் கூட்டாளி உப்பிலி. பஞ்சுத் தூசியை உள்ளே இழுத்துப் பிடிக்கும் பெட்டி செய்து ஸ்ரீவில்லிபுத்தூர் கண்காட்சியில் வைக்கப் போகிறார்கள். யோசனை சண்முகத்தாயுடையது. மில் தூசியில் அவள் அப்பாவுக்கு, அதாவது எங்கள் அத்தானுக்கு, இருமல் நிற்பதில்லை. மூளை மட்டும் என் வழி.

9.10.88
தவசி சண்முகத்தாய் கையிலிருந்த சால்டரிங் அயனைப் பிடுங்கிக்கொண்டான். "நீ தூத்துப் பெருக்கு. என்னையக் கட்டிக்கிட்டு வந்த பொறவும் அதத்தான செய்யப் போற."
அவள் என்னைப் பார்த்தாள்.
"மாமன் மகன் கேலி பண்ணாம வேற எவன்ட்டி பண்ணுவான்" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

14.10.88
உப்பிலி அவளை, தவசி பெண்டாட்டி என்ற கணக்கில், மதினி என்கிறான். பள்ளிக்கூடத்திலும் இப்போது அதுதான் பேராம். அவர்களுடைய சயின்ஸ் டீச்சர் ஜெயபாய் பட்டறைக்கே வந்துவிட்டார். "இங்க மொறை கிடையாது. பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். அயன் ஆளுக்கு ஒரு நாள்." பிறகு என்னிடம், "அண்ணாச்சி, ஒங்களுக்கும் சேத்துதான்."
என் பட்டறையில் எனக்கே சட்டம்.
சாயங்காலம் டீக்கடையில், எங்கள் வீட்டில் ஒரு விஞ்ஞான ஜோடி தயார், தையில் நிச்சயம் என்று ஒரு பேச்சுக்குத்தான் விட்டேன். கடையே வாயைப் பிளந்தது.

22.10.88
கல்யாணப் பத்திரிகை எப்போது என்று மில் கேட்டில் அத்தானிடம் கேட்டிருக்கிறார்கள்.

24.10.88
சண்முகத்தாய் பள்ளிக்கூடம் போகவில்லை.

27.10.88
டீச்சரோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "பேரு கெட்டுப்போச்சு. படிச்சது போதும்." டீச்சர் எம்புட்டோ கெஞ்சினார். நான் விளையாட்டுக்குச் சொன்னதுதான் என்றேன்.
"ஒமக்கு எல்லாமே வெளாட்டுதான் மாப்ள."
கதவுக்குப் பின்னால் அவள் நின்றது தெரிந்தது. வெளியே வரவில்லை. நான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்?

2.11.88
தவசி தனியாகப் போய் மன்னிப்புக் கேட்க அவர்கள் வாசலில் நின்றிருக்கிறான். கதவு திறக்கவில்லை. பட்டறையில் இப்போது கேலி இல்லை. நான் அயனை எடுத்தேன்.
"சித்தப்பா, அத வைங்க. இன்னைக்கு சண்முகத்தாயி நாளு" என்றான் தவசி.
அயன் அப்படியே கிடந்தது.

26.11.88
கண்காட்சி. இழுக்க வேண்டிய ஃபேன் வெளியே ஊதியது. தூசி முழுக்க நடுவர் சட்டையில். இத்தனை வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான், எனக்கும் காரணம் பிடிபடவில்லை. தவசி நடுவரிடம் சொன்னான்: "இது சண்முகத்தாயி யோசனை சார். அவ இருந்தா ஓடிருக்கும்."
"அந்தப் பிள்ளை எங்கே?"
நான் அவர் சட்டைத் தூசியைத் தட்டிவிட ஆரம்பித்தேன்.

12.12.88
காலையில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். தாவணி முனையால் மூக்கைக் கட்டியிருந்தாள். செத்த நேரம் நின்றாள்.
"ஃபேன் உள்ள இழுத்துச்சா மாமா?"
கண்காட்சியே அசந்துபோச்சு என்று வாய் வரைக்கும் வந்தது. "இல்ல சண்முகத்தாயி. வெளிய ஊதிருச்சு."
"ஃபேனோட திருப்பிப் போடுங்க."
மில் சங்கு ஊதியது. போய்விட்டாள்.
மத்தியானம் ஃபேனைத் திருப்பிப் போட்டேன். இழுக்கிறது.