பதில் காலுக்கு வரும்

டிரிஸ்டன் தீவு
3 அக்டோபர் 1956

பதில் சொல்ல விடாமல் ஓடிப்போன வில்ஃப்ரட்டுக்கு,

செலினா எழுதுவது. இங்கே நானும் என் பசுவும் போன மாதம் நட்ட உருளைக்கிழங்கும் சுகம். நைட்டிங்கேல் தீவில் உன் முழங்கால்கள் இரண்டும் இன்னும் முழுசாக இருக்கும் என்று நம்புகிறேன். அங்கே அடிக்கொரு பறவைப் பொந்து. நீயோ வானத்தைப் பார்த்து நடக்கிற ஆள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாற்பத்தேழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்த மனிதன், படகு கிளம்புகிற நேரத்தில், ஒரு காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டா அதைக் கேட்பது? "செலினா, நான் திரும்பி வந்தப்புறம் நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துரலாமா?" சரி, கேட்டதுதான் கேட்டாய், பதிலுக்கு நிற்க வேண்டாமா? நான் வாயைத் திறப்பதற்குள் படகில் குதித்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். கரையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவித்த நண்டு மாதிரி சிவந்துபோயிருந்ததாம். இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் ஆண்ட்ரூவைக் கடல் கொண்டுபோய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷமும் என் கூரைக்குப் புல் வேய்ந்தது யார், கிழங்குத் தோட்டத்துக்குக் கல் சுவர் வைத்தது யார் என்று ஊருக்கே தெரியும். கேட்டால் "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்பாய். நம் ஊரில் இருப்பதே ஒரு பக்கம்தானே ஐயா, வேறு எந்தப் பக்கம் போவாய்?

பதிலை இதில் எழுத மாட்டேன். கடிதங்கள் சிங்கிறால் பிடிக்கிற கப்பலில்தான் வருகின்றன. அதன் சமையல்காரன் ஒட்டிய உறையையும் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துவிடுவான். பதில் காலுக்கு வரும். கம்பளி நூற்று முடித்தாயிற்று, சாயமும் தோய்த்தாயிற்று. வளையங்களை எண்ணத் தெரியும் அல்லவா? வெறும் வெள்ளை சாக்ஸ் பாதிரியாருக்கும் வெளியூர்க்காரருக்கும். ஒரு வளையம் மரியாதைக்கு, இரண்டு சிநேகிதத்துக்கு. அதற்கு மேல் போட்டால் என்ன என்று நம் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஐந்துக்கு மேல் இதுவரை யாரும் போட்டதில்லை. போட்டால் ஊர் சிரிக்கும்.

பொறுமையாக இரு. நான் மெதுவாகத்தான் பின்னுவேன்.

செலினா


நைட்டிங்கேல்
19 அக்டோபர் 1956

அன்புள்ள செலினாவுக்கு,

வில்ஃப்ரட் எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைத் தகர டப்பாவில் போட்டு மூடி, அலைக்கு மேலே வீசினார்கள். நான்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்தேன். நாலு தடவை படித்துவிட்டேன். திட்டெல்லாம் எனக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஓடினேன், ஒப்புக்கொள்கிறேன். நீ "முடியாது" என்று சொல்லிவிட்டால், நாலு மாதம் இந்தக் கறுப்புப் பாறையில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கேள்வி மட்டும் கையில் இருந்தால் பொழுது போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. தினமும் விடிந்ததும் பாறையில் ஏறிக் கப்பல் வருகிறதா என்று பார்க்கிறேன்.

பறவை எண்ண என்னைத் துணைக்குக் கூட்டிவந்த டாக்டர் லிண்ட்வால் நல்ல மனுஷன். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பறவை டாக்டர். ரேடியோப் பெட்டி இறங்கிய அன்றைக்கே உப்புத்தண்ணீர் குடித்துச் செத்துப்போனது. அதைப் பற்றிக் கவலையே படவில்லை, "நல்லதாப் போச்சு, யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றார். மனுஷன் தொடை வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸைக் கழற்றுவதே இல்லை. தூங்குகிற பைக்குள்ளும் அதோடுதான் நுழைகிறார். முதல் வாரம் ஒரு கருவாட்டுக்குருவி, அவர் கழற்றி வைத்த செருப்பின் வாரைக் கொத்தி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து இந்தப் பயம். குருவிக்கு அந்தப் பேர் நான் வைத்தது. நம் கருவாட்டையும் அதுதான் திருடுகிறது.

இங்கிருந்து ஊருக்குத் தெரிய மூட்டுகிற புகைக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு புகை என்றால் படகு கிளம்புகிறது, இரண்டு என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை, மூன்று என்றால் சாவு. "நாலு போட்டா?" என்று கேட்டார். "நாலு இதுவரைக்கும் யாரும் போட்டதில்ல சார், போட்டா ஊருக்கே பைத்தியம் பிடிச்சிரும்" என்றேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பென்குயின் குஞ்சுகள் பொரிய ஆரம்பித்துவிட்டன. அப்பன் பென்குயின் நிற்கிற நிற்பைப் பார்க்க வேண்டுமே! கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, இந்தத் தீவையே தான்தான் கட்டினது போல. எனக்கும் அப்படி ஒரு தரம் நிற்க ஆசையாக இருக்கிறது, செலினா.

சீக்கிரம் பின்னு. என் கால் பத்து அங்குலம்தான், ஒன்றும் பெரிய வேலை இல்லை.

உன் வில்ஃப்ரட்


டிரிஸ்டன்
2 நவம்பர் 1956

அன்புள்ள வில்ஃப்ரட்,

கப்பல் அவசரத்தில் நிற்கிறது, இரண்டே வரி. பொட்டலத்தில் இரண்டு ஜோடி சாக்ஸ். ஒன்று டாக்டருக்கு. அந்த மனுஷன் குளிரில் கிடக்க நான் உனக்கு மட்டும் அனுப்பினால் நன்றாக இருக்காது. பேரெழுதின சீட்டை ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தியிருக்கிறேன்.

கேப் டவுனிலிருந்து என் மகள் ரூபி எழுதியிருக்கிறாள். டிசம்பர் இருபதாம் தேதி கப்பலில் தன்னோடு வந்து இருந்துவிடச் சொல்கிறாள், இடமும் சொல்லி வைத்துவிட்டாளாம். உன் பதில் தெரிந்த பிறகுதான் அவளுக்கு எழுதுவேன். இனி நீதான் சொல்ல வேண்டும்.

சிரிக்காதே. எண்ணிப் பார்.

செலினா


நைட்டிங்கேல்
17 நவம்பர் 1956

மதிப்புக்குரிய செலினா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய சாக்ஸ் கிடைத்தது. மிக்க நன்றி. நல்ல கம்பளி, நன்றாகக் கதகதப்பாக இருக்கிறது. நான் மேட்டில் முட்டை எண்ணப் போயிருந்தபோது பொட்டலம் வந்தது. டாக்டர் பிரித்துத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு என்னுடையதைப் படுக்கையில் வைத்திருந்தார். அவரும் நன்றி சொல்லச் சொன்னார்.

தங்கள் பதிலைப் புரிந்துகொண்டேன். வருத்தம் இல்லை. கேட்கும்போதே இப்படித்தான் இருக்கும் என்று உள்ளுக்குள் தெரியும். கரையில் தங்களை எல்லாரும் பார்க்கும்படி செய்துவிட்டேன், அதற்கு மன்னிக்க வேண்டும். கேப் டவுனில் ரூபியோடு சுகமாக இருங்கள். அங்கே காற்று இவ்வளவு அடிக்காது என்று சொல்கிறார்கள்.

வடக்குச் சுவரில் இரண்டு கல் ஆடுகிறது. நான் வந்து சரிசெய்து வைக்கிறேன். அடுத்து அந்தத் தோட்டத்தை யார் எடுத்துக்கொண்டாலும் உதவும்.

இப்படிக்கு,
வில்ஃப்ரட்


டிரிஸ்டன்
30 நவம்பர் 1956

மதிப்புக்குரிய திரு. வில்ஃப்ரட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. "கதகதப்பாக இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சந்தோஷம். ஆட்டுக்குச் சொல்லிவிடுகிறேன்.

"தாங்கள்", "தங்கள்", "அவர்கள்"! ஆறு வயசில் என் பின்னலைப் படகுத் துடுப்பில் கட்டிவிட்டு ஓடினவன் எனக்கு "அவர்கள்" போடுகிறான். அன்றைக்கும் ஓட்டம்தான், இன்றைக்கும் ஓட்டம்தான். கேட்டது நீதானே? நான் உன் வீட்டுக் கதவைத் தட்டினேனா? இரண்டு வருஷக் கம்பளியைச் சேர்த்து வைத்துப் பின்னி அனுப்பினால், புரிந்துகொண்டேன், வருத்தமில்லை, போய்வா என்கிறாய். பயம் வந்துவிட்டது என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டு முடித்திருப்பேன். ஆடுகிற கல்லைப் பற்றி எழுதுகிறாய்!

எனக்கு அழுகை வந்தது, வில்ஃப்ரட். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் வந்தது. பசு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

இருபதாம் தேதி கப்பலில் போகிறேன். பசுவைப் பாதிரியார் வீட்டில் விடப் பேசியாகிவிட்டது. சிங்கிறால் கப்பல் இந்த டப்பாவை வீசிவிட்டுத் தெற்கே தூரத்துக்குப் போகிறதாம், கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்புமாம். அதனால் இதற்குப் பதில் வராது. வர வேண்டியதும் இல்லை.

செலினா


நைட்டிங்கேல்
9 டிசம்பர் 1956

என் செலினா,

இதை அனுப்பக் கப்பல் இல்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. இன்று காலை அவர் குளத்துப் பக்கம் ஒரு பொந்தில் இடுப்பு வரைக்கும் விழுந்தார். கையைப் பிடித்து இழுத்தேன். ஆள் வந்தார், இடது பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. பாறையில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் பார்த்தேன்.

சிவப்பு, நீலம், மஞ்சள், மறுபடி சிவப்பு, பச்சை, மறுபடி நீலம், மறுபடி சிவப்பு. ஏழு. செலினா, ஏழு! ஊர் சிரிக்கும் என்று எழுதினவள் ஏழு போட்டிருக்கிறாய்!

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?" என்று கத்தினேன். பயந்துபோனார். "கப்பல்காரன்தானப்பா சொன்னான், உங்க ஊர்க்காரி எனக்கும் ஒண்ணு அனுப்பியிருக்கான்னு! சீட்டு ரெண்டும் நனைஞ்சு கூழாயிருந்துச்சு. விருந்தாளிக்குத்தான் நல்லதைக் கொடுப்பாங்கன்னு கலர் கோடு போட்டதை எடுத்துக்கிட்டேன்" என்றார். எனக்கு வந்தது வெள்ளை, செலினா. வெறும் வெள்ளை. என்னைப் பாதிரியார் கணக்கில் சேர்த்துவிட்டாய் என்று நினைத்து ஒரு மாதம் அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருக்கலாம். வெட்கம். என்னை நீ எவ்வளவு திட்டினாலும் தகும்.

நம் ஊரில் வளையத்துக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, ஒரு மாசமா உன் கல்யாணத்தை நான் மிதிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே கழற்றி, நன்னீர்க் குளத்தில் சோப்புப் போட்டு மூன்று தடவை அலசினார். இப்போது கூரைக் கயிற்றில் தொங்குகிறது. கருவாட்டுக்குருவி எடுத்துப்போகாமல் இருக்க எதிரிலேயே உட்கார்ந்து காவல் காக்கிறார், வெறும் காலோடு.

இருபதாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள். கையில் படகு இல்லை, ரேடியோ இல்லை. ஆனால் நெருப்பு இருக்கிறது. ஊரைப் பார்த்த வடக்குப் பாறையில், கூடுகள் இல்லாத இடமாகப் பார்த்து, கரை ஒதுங்கின கட்டைகளை அடுக்கிவிட்டோம். மேலே ஈரப் புல். பறவைகளை மிரட்டக் கூடாது என்று என்னைத் தினம் வைகிற டாக்டரே கட்டை சுமந்தார். நாளைக் காலையில் வானம் தெளிவாக இருந்தால் போடுவேன். ஊர் என்ன நினைத்தாலும் சரி. உனக்கு எண்ணத் தெரியும்.

இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுக்கிறேன்.

உன் வில்ஃப்ரட்


டிரிஸ்டன்
11 டிசம்பர் 1956, விடியற்காலை

வில்ஃப்ரட்,

நேற்றுக் காலை நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே கூச்சல். "நைட்டிங்கேல்ல புகை!" ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்று எழுந்தது, ஆண்கள் "கிளம்புறாங்கடா" என்றார்கள். இரண்டு எழுந்தது, நர்ஸ் மருந்துப் பெட்டியை எடுக்க ஓடினாள். மூன்று எழுந்ததும் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். அங்கே இருப்பதே இரண்டு பேர், அதில் யார் என்று நினைத்தேன்.

நாலு எழுந்தது. அப்புறம் ஐந்து.

"என்னடா இது, தீவே தீப்பிடிச்சுருச்சா?" என்றார் ஊர்த் தலைவர். ஆறு. சவப்பெட்டிக்குப் பலகை எடுக்கச் சொன்னார். பாதிரியார் முழங்காலிட்டுவிட்டார். அப்போது ஏழாவது புகை எழுந்தது, மற்றவற்றைவிடக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் குட்டையாக. என் ஏழாவது வளையமும் அப்படித்தான், நூல் போதாமல் போய்விட்டது. எனக்கு அப்படியே சிரிப்பு வந்துவிட்டது, வில்ஃப்ரட். ஊரே அழுகிற முகத்தோடு நிற்கிறது, நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன்.

"செலினாவுக்கு என்ன ஆச்சு?" என்றார்கள். நான் என்ன செய்வது? பேசாமல் இருந்தால் பலகையை அறுத்துவிடுவார்கள். படகுத் துறைக் கல் மேல் ஏறி நின்றேன். "யாரும் சாகலை! அவனுக்கு நான் ஏழு வளையம் போட்டு அனுப்பினேன். அவன் இப்பத்தான் எண்ணி முடிச்சிருக்கான்!" என்று கத்தினேன். எந்தக் கரையில் நீ கேட்டாயோ அதே கரையில், அதே பெண்களுக்கு முன்னால். அப்புறம் எழுந்த சிரிப்பில் என் பசுவே மிரண்டு தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. வடக்குச் சுவரில் அந்த இரண்டு கல்லையும் அதுதான் தள்ளிவிட்டது. வந்து கட்டு.

ரூபிக்குத் தந்தி கொடுத்தாகிவிட்டது. அவள்தான் இங்கே வர வேண்டும், கல்யாணத்துக்கு. ஜோடி இரண்டும் கை மாறித்தான் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டாய். வெள்ளை சாக்ஸை டாக்டரிடம் கொடுத்துவிடு, பாவம், வெறும் காலோடு நிற்பார்.

காற்று நன்றாக இருக்கிறது, நாலு படகுகள் கிளம்புகின்றன. தலைவர் இங்கிருந்து ஒரே ஒரு புகை போடச் சொல்லியிருக்கிறார். பார்த்திருப்பாய். பாய்மரத்துக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை உன் கையில் தருவது நான்தான். நீ படித்து முடிக்கிற வரைக்கும் உன் எதிரிலேயே நிற்பேன். மெதுவாகவே படி. சுற்றிலும் கடல், இந்தத் தடவை நீ ஓட இடமில்லை.

உன் செலினா