சோற்றுக்குப் பதில் கருவாடு

12.8.2008, செவ்வாய்

சர்க்கரைக்குப் பயந்து ஒரு வருடமாகச் சோற்றைக் குறைத்து, நெத்திலிக் கருவாட்டால் வயிற்றை நிரப்பினேன். அப்படியும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியின் அளவு ஏறிக்கொண்டேதான் போகிறது. பள்ளிக்கூடத்தை அஞ்சாவதோடு விட்டவன் என்றாலும் எனக்கு மறதி கிடையாது. போன வாரம் தின்றதையெல்லாம் இன்று சிதம்பரத்தில் கிட்னி டாக்டரிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

“பெரியவரே, ஊசி மருந்த ஒங்க ஒடம்பு மதிக்க மாட்டேங்குது. இதுல கருவாடு வேற யூரிக் ஆசிட ஏத்தி வச்சிருக்கு. கிட்னி தாங்காது” என்றார்.

சோறு வேண்டாம் என்றவர் கடலூர் டாக்டர். இவர் கருவாடும் கூடாது என்கிறார்.

“அப்ப காத்தக் குடிச்சிக்கினு கெடக்க வேண்டியதுதான்” என்று, வீடு திரும்பி நான் சொன்னதைக் கேட்டு வீட்டுக்காரி சிரித்தாள்.

சீக்கிரமே டயாலிசிஸ் செய்ய வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நல்லது என்று தின்றதே கெடுத்துவிட்டதா? ஒன்றும் விளங்கவில்லை.

காலையில் என்ன ஆக்கட்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்தாள். இன்னும் தூங்காமல் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.