சம்பந்தி வீட்டுத் தென்னங்கீற்று

அலங்காநல்லூர்,
கார்த்திகைக் கடைசி.

அன்புள்ள ரோகிணிக்கு,

உன் மதினி முனீஸ்வரி எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம். நீயும் உமேஷ் தம்பியும் அந்த ஜெர்மனிக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் அண்ணன் பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது, படித்துத்தான் ஆக வேண்டும்.

நம் தோப்பு பிழைத்துவிட்டது. முதலில் அதற்கு நன்றி.

சித்திரையில் நான் உன்னிடம் அழுதது நினைவிருக்கும். கோடை மழையே இல்லை, வெயில் கொளுத்தியது. தென்னை மட்டைக்கு அடியில் வெள்ளை ஈ மாவு பூசியது போல அப்பியிருந்தது. அதன் பிசுக்கு கீழே வாழையில் வழிந்து, மேலே கரி படிந்து, சாப்பிட ஒரு இலை அறுக்க முடியவில்லை. உன் அண்ணன் கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தார். அடித்த வாரம் குறையும், அப்புறம் முன்னைவிட அதிகமாக வரும். அவர்தான் பெரிய சுத்தக்காரர் ஆயிற்றே! மட்டை கிடந்தால் ஊரார் சோம்பேறி என்பார்கள் என்று, விழுந்ததை எல்லாம் அன்றன்றைக்கே கொளுத்தினார். கடைசியில் மரங்களை வெட்டிவிடலாம் என்று செங்கல் சூளைக்காரரை வரச்சொன்னார். உன் அப்பா வைத்த மரங்கள். அன்றைக்கு இவர் சாப்பிடவே இல்லை.

அப்போதுதான் நீ அந்தக் குளவியைப் பற்றிச் சொன்னாய். கொசுவைவிடச் சின்னது, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள்ளேயே முட்டை வைக்கும், மருந்து அடித்தால் முதலில் அதுதான் சாகும், மட்டையைக் கொளுத்தினால் குஞ்சுக்குள் வளரும் குளவியும் சேர்ந்து வேகும் என்றாய். மருந்தே படாத மரத்திலிருந்து, குளவி புகுந்து குஞ்சுகள் கறுத்துப்போன கீற்றுகளாகக் கொண்டுவந்து கட்டச் சொன்னாய். அப்படி ஒரு மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். திருநகரில் உன் மாமியார் வீட்டுக் கொல்லையில் என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வேற்றுச் சாதி என்று உங்கள் கல்யாணத்துக்கு வராதவர்கள் நாங்கள். எந்த முகத்தோடு போவது? ஆனாலும் போனேன். உன் மாமியார் சாரதாம்பாள் அம்மா பழசு எதையும் கேட்கவில்லை. உன் மாமனாரிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். அவர் உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். கீற்று ஒரு பை நிறைய, எனக்கு வழியில் சாப்பிடப் புளியோதரை. பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வந்தேன்.

உன் அண்ணனிடம் தெரிந்தவர் வீட்டுக் கீற்று என்று மட்டும் சொன்னேன். நம்பாமல்தான் கட்டினார். மருந்தை நிறுத்தச் சொல்லி நான் போட்ட சண்டை தனிக் கதை. ஆடியில் நம் மரத்திலும் குஞ்சுகள் கறுத்தன. சிலந்தி வந்தது, கரியைத் தின்னும் ஒரு சின்ன வண்டு வந்தது, காணாமல் போன கரிச்சான் குருவிகள் திரும்பி வந்தன. ஐப்பசி மழை மிச்சத்தைக் கழுவியது. ஈ இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும், அதுவும் இல்லாவிட்டால் குளவி எதைத் தின்னும் என்று நீதானே சொன்னாய்? குருத்து பச்சையாக வருகிறது.

இனிதான் விஷயம். போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது உன் மாமியார் நம் மரத்தை விசாரிக்கப் போன் செய்திருக்கிறார். எடுத்தது உன் அண்ணன். நான் வந்து பார்க்கும்போது எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். "ஒங்க வீட்டுக் கீத்தாம்மா அது? மரம் பொழச்சுக்கிருச்சும்மா" என்றார்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் நல்ல குலைகளாக இறக்கி, வண்டியில் கட்டிக்கொண்டு தனியாகத் திருநகருக்குப் போய்வந்தார். அங்கே உங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்ததாக மட்டும் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தபின் கேட்டார்:

"அவ இருக்க ஊர்ல நல்ல தேங்கா கெடைக்குமா?"

கிடைக்கும், ஆனால் வற்றலாக இருக்குமாம் என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து தோப்புக்குப் போய்விட்டார்.

ரோகிணி, வா என்று கூப்பிட அவருக்கு வாய் வராது. அதனால் நான் கூப்பிடுகிறேன். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட நீயும் தம்பியும் வாருங்கள். உன் மாமனார் மாமியாரையும் அழைத்துவிட்டேன், வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நால்வருக்கும் நாங்கள் பட்டிருக்கும் நன்றிக்கடனை வேறு எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வரும் நாளை அவரிடம் சொல்லமாட்டேன், சொன்னால் எங்காவது போய் ஒளிந்துகொள்வார். நீ நேரே தோப்புக்குள் வந்து "அண்ணே" என்று ஒருதரம் கூப்பிடு. அது போதும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
மதினி முனீஸ்வரி