அப்பா வண்டியோடு வெளியே நிற்கிறார்

ரேவன்ராய்ட்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகன் டேரனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், என் முழங்கால் நலமில்லை, பூனை நலம். நீ நலமா என்று கேட்கிறேன். வழக்கத்துக்குக் கேட்கிறாள் என்று அடுத்த வரிக்குத் தாவிவிடாதே, இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், பதில் வேண்டும். போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா, அங்க மழையா?" என்பாய், நானும் மழை என்பேன், இந்த ஊரில் அப்படிச் சொன்னால் எந்த நாளும் பொய்யாகாது, அதற்குள் என் பேத்தி ஐவிக்குட்டி போனைப் பிடுங்கி அவளுடைய முயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. நான் முடிக்கிறவரை நீ கேட்டே ஆகவேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது ஸ்டாக்டேல். சின்ன வயதில் உங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்த அதே ஸ்டாக்டேல்தான், இப்போது ஊர் ரக்பி கிளப்பின் தலைவர், தொப்பை மட்டும் பதவிக்கு ஏற்றபடி வளர்ந்திருக்கிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனிதர் என்று உன் அப்பா சொல்வாரே, ஒன்றும் மாறவில்லை. போன வாரம் பிஸ்கட் டப்பாவோடு வந்து உட்கார்ந்து, டப்பாவைத் தானே திறந்து, பாதியைத் தானே தின்றுவிட்டு, "பிரெண்டாம்மா, உங்க மவன் சிட்னியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடப்போறானாமே. போடட்டும், யாரு வேணாங்குறா. அது முடிஞ்சதும் கடைசியா ஒரே ஒரு சீசன் நம்ம ஊருக்குக் கேப்டனா ஆடிட்டுப் போகச் சொல்லுங்க. நீங்க எழுதுனா தட்ட மாட்டான்" என்றார். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதிவிட்டேன், இதோ மேலே இருக்கிறது. அவருக்குக் கொடுத்த வாக்கு அதோடு முடிந்தது, இனி வருவதெல்லாம் என் பேச்சு.

உன் ஆட்டம் இருக்கிற வெள்ளிக்கிழமைகளில் உங்களுக்கு ராத்திரி, எங்களுக்குக் காலை. ஒன்பது மணிக்கே கிளப்பைத் திறந்து பெரிய டிவியைப் போட்டுவிடுகிறார்கள், ஒரு கையில் பேக்கன் பன்னும் இன்னொரு கையில் பீருமாக ஊரே உட்கார்ந்துவிடுகிறது. காலை நேரத்தில் பீர் குடிப்பதற்கு உன்னைவிட நல்ல சாக்கு இந்த ஊருக்குக் கிடைத்ததில்லை, நீ ஓய்வு பெற்றால் பாதிப் பேர் குடிக்கக் காரணமில்லாமல் தவித்துப் போவார்கள். உனக்கு மோதக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று சொல்கிற ஆள் மட்டும் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள், அதில் ஒருவர் வாழ்நாளில் ஓடியது பஸ்ஸைப் பிடிக்கத்தான். உன்னைப் பெரிய கிளப்புக்கு விற்ற பணத்தில்தான் இங்கே கிளப்புக்குப் புதுக் கூரை போட்டார்கள். அது ஒழுகுகிறது, அதையும் உன்னிடம் சொல்லச் சொன்னார்கள்.

உன் வேலை என்னவென்று பக்கத்து வீட்டு எனிட் இத்தனை வருடம் கழித்து என்னிடம் கேட்டாள். பந்தை வாங்கிக்கொண்டு எதிரே நிற்கிற மூன்று தடியன்கள் மேல் நேராகப் போய் மோதுவான், கீழே விழுவான், எழுந்து மறுபடியும் அதையே செய்வான், அவர்கள் பந்தோடு வந்தால் இவன் போய்க் குறுக்கே விழுவான் என்றேன். "சுத்திக்கிட்டுப் போகக் கூடாதாக்கா?" என்றாள். சுற்றிக்கொண்டு போவதற்கு வேறு பையன்கள் இருக்கிறார்கள், ஓரத்தில் ஓடிப்போய் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைப்பவர்கள், கடைசிவரை அவர்கள் கால்சட்டையில் மண் ஒட்டாது, போட்டோவெல்லாம் அவர்களுக்கு. என் மகனுக்கு மூக்கு மூன்று முறை உடைந்ததுதான் மிச்சம், இடது காது கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஆகிவிட்டது. நான் பெற்று அனுப்பிய முகம் அதுவல்ல, திருப்பிக் கொடுக்கச் சொன்னால் எந்தக் கிளப்பும் கொடுக்காது.

நீ கேப்டனானதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. வீட்டில் உன் வாயிலிருந்து நாலு வார்த்தை வர வைப்பதற்குள் குழம்பு ஆறிப்போகும். ரெஃப்ரியிடம் போய்ப் பேசுகிற உரிமை கேப்டன் ஒருவனுக்குத்தான் என்று அவர்கள் சட்டம், அத்தனை வாயாடிகளை விட்டுவிட்டு உன்னைப் பிடித்தார்கள். ரெஃப்ரி சட்டையில் மைக் வேறு, நீ "சார்" என்று ஆரம்பிப்பது இங்கே எனிட் வீட்டு அடுப்படி வரை கேட்கிறது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இரண்டாவது பாதியில் அந்த மலை மாதிரி ஆளின் இடுப்பில் உன் தலை போய் மோதியதை நான் பார்த்தேன். நீ எழுந்தாய். சீக்கிரமாகவே எழுந்தாய், தப்பு செய்த பிள்ளை எழுகிற வேகம் அது. உங்கள் முதலுதவி ஆள் ஒருவர் ஓடிவந்து ஏதோ கேட்டார், நீ ஸ்கோர் போர்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாய், அவர் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் ரெஃப்ரி உங்களுக்கு எதிராக விசில் ஊதினார், நீ நேராக அவரிடம் நடந்து போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சார், வெளிய எங்கப்பா வண்டியோட நிக்கிறாரு. சீக்கிரம் முடிங்க சார்" என்றாய்.

கிளப்பில் எழுந்த சிரிப்பில் கூரை பறந்துவிட்டது. ஒழுகுகிற கூரைதான், போனால் போகட்டும். ஸ்டாக்டேலுக்கு பீர் மூக்கு வழியாக வந்தது, "பாத்தீங்களாய்யா, அவுங்கப்பன் போயி ஆறு வருசமாச்சு, அதையும் வச்சு ரெஃப்ரியக் கலாய்க்கிறான் பாரு, நம்மூரு நக்கலு!" என்று மேஜையைத் தட்டினார். உன் அப்பாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து போனவர்களில் அவரும் ஒருவர், டேரன். டிவியில் பேசுகிறவர்களும் இவ்வளவு நகைச்சுவை உள்ள கேப்டனைப் பார்த்ததில்லை என்றார்கள். நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த அறையில் சிரிக்காத ஒரே ஆள் நான்தான், "பிரெண்டாம்மாவுக்கு ஒன்னும் புரியல" என்று யாரோ சொன்னது கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் நீயே சிரிப்பாய். நாலே நாளில் அந்த வாக்கியத்தைப் போட்டு பனியன் அடித்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு, சிறியவர்களுக்கு, கைக்குழந்தைக்குக்கூட இருக்கிறது. மீன் வறுவல் கடைக்காரர் ஜன்னலில் எழுதி ஒட்டியிருக்கிறார், வரிசை சீக்கிரம் நகர்கிறதாம். பாதிரியார் பிரசங்கத்திலேயே எடுத்துக்கொண்டார், நம் எல்லோருக்கும் வெளியே ஒரு தந்தை காத்திருக்கிறார் என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக ஆட்டுக்குட்டிகளுக்குத் தாவிவிட்டார். எனக்கு ஒரு பனியன் இலவசமாகக் கொடுத்தார்கள். நல்ல பருத்தி, அடுப்பு துடைக்கிறேன்.

ஆட்டம் முடிந்து மைக்கை நீட்டி அந்த ஜோக்கைப் பற்றி உன்னிடம் கேட்டார்களே, நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் எங்கே என்று டீச்சர் கேட்கும்போது, எந்த வீட்டுப்பாடம் என்றே தெரியாமல் சிரிப்பாயே, அதுதான். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியாது. சத்தியமாகச் சொல், தெரியுமா?

நீ ஜோக் சொல்லவில்லை, கண்ணு. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் சின்னப் பையன்கள் ஆட்டத்தின்போது ரொட்டி வண்டியை மைதானத்து வாசலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடியே உன் அப்பா நிற்பார், அணைத்தால் மறுபடி கிளம்பாத வண்டி அது, மதியத்துக்குள் மீதி ரொட்டியைக் கடைகளில் இறக்கியாக வேண்டும். நீ போய் ரெஃப்ரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இதே வார்த்தையைத்தான் சொல்வாய். அந்த வெள்ளிக்கிழமை நீ சிட்னியில் இல்லை. உனக்குப் பத்து வயது. உன் அப்பா வாசலில் உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அப்படியே இன்னும் அரைமணி நேரம் ஆடி, சிறந்த ஆட்டக்காரன் பரிசும் வாங்கிவிட்டாய்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ ஒரு கதை சொல்லிச் சிரித்தாயே, சீசன் தொடங்கும் முன் மூளைக்கு ஒரு பரீட்சை வைப்பார்கள், அதில் வேண்டுமென்றே மோசமாக எழுதிவிட்டால் பிறகு அடிபட்டபோது வைக்கிற பரீட்சையில் மோசமாக எழுதினாலும் மாட்டமாட்டோம் என்று. நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் பாஸ் ஆகவே திண்டாடியவன் பெரியவனாகி ஃபெயில் ஆகக் கற்றுக்கொண்டானே என்று சிரித்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள், நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து தலைப்பாகையைக் காப்பாற்றிக்கொண்டு தலையைக் கொடுக்கிறீர்கள்.

சலோட்டே என்னிடம் பேசினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, பெண்டாட்டி மாமியாரிடம் அழுகிறாள் என்றால் வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம். அந்த ஆட்டத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஐவியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகிறேன் என்று கிளம்பி, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூட வாசலில் காரை ஓடவிட்டபடியே உட்கார்ந்திருந்தாயாம். ஐவி வீட்டில் முயலுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். சலோட்டே தேடிவந்து கண்ணாடியைத் தட்டியதும், "அணைச்சா கிளம்பாதுடி" என்றாயாம். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நானே சொல்கிறேன். உனக்குப் பதினொரு வயதில் ஒருமுறை தலையில் அடிபட்டு நீ தள்ளாடினாய். உன் அப்பா வண்டியை விட்டு இறங்கி, விசிலையும் பார்க்காமல் கோட்டையும் பார்க்காமல் மைதானத்துக்குள் நடந்து வந்து உன் கையைப் பிடித்தார். "டிரெவரு, இன்னும் பத்தே நிமிசந்தான்யா, ஒரு ஆளு கொறையுதுய்யா!" என்று ஸ்டாக்டேல் தொண்டை கிழியக் கத்தினார். உன் அப்பா உன்னை ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார். வழியெல்லாம் நீ "ஜெயிச்சிட்டமாப்பா, ஜெயிச்சிட்டமாப்பா" என்று கேட்டுக்கொண்டே வந்தாயாம், கேட்டபோதெல்லாம் "ஜெயிச்சிட்டோம்டா" என்றாராம். தோற்றுவிட்டீர்கள். ஸ்டாக்டேல் ஒரு வருடம் நம் ரொட்டி வாங்கவில்லை. ஊரில் பாதிப் பேர் உன் அப்பாவைக் கோழை என்றார்கள், அவர் அதைக் கேட்டுக்கொண்டே அவர்களுக்கும் ரொட்டி போட்டார்.

இனி கையெழுத்துக்கு வருகிறேன். போடாதே. இரண்டு வருடத்துக்கும் போடாதே, ஸ்டாக்டேலின் ஒரு சீசனுக்கும் போடாதே. சுவர் இருந்தால்தான் சித்திரம். கேப்டன் இல்லாமல் சிட்னி கடலில் மூழ்கிவிடாது, வேறு ஒருவனைப் பிடித்து "சார்" சொல்ல வைப்பார்கள். கிளப் டாக்டர் வேண்டாம், அவருக்கு உன்னை வெள்ளிக்கிழமைக்குள் எழுப்பி நிறுத்துவது ஒன்றுதான் வைத்தியம். சலோட்டே தலை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள், அங்கே போய் உள்ளதை உள்ளபடி சொல். வாழ்க்கையில் ஒரு பரீட்சையையாவது ஒழுங்காக எழுது.

நான் எழுதினால் நீ கேட்டுவிடுவாய் என்று ஸ்டாக்டேல் நம்பலாம், கேட்கமாட்டாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. அதனால் இன்னொரு செய்தி. பிஸ்கட் தின்று முடித்ததும் அவர் கண் ஜன்னல் வழியாகக் கொல்லையில் நின்ற அப்பாவின் வண்டி மேல் விழுந்தது. துருப்பிடித்து, பூனை குட்டி போட்டுக் கிடந்த வண்டி. அதை மைதானத்து வாசலில் நிறுத்தி, உன் வாக்கியத்தை எழுதி, ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டார்கள். விற்பதற்கு மனமில்லை என்றேன். விலையை ஏற்றினார். டிரெவரின் ஞாபகம் ஆயிற்றே என்று கண்ணைத் துடைத்தேன். மறுபடியும் ஏற்றினார். பழைய இரும்புக்காரன் பிஸ்கட் டப்பாகூடக் கொடுத்திருக்க மாட்டான், இவர் கொடுத்ததில் எனக்கு சிட்னிக்கு விமான டிக்கெட் வந்துவிட்டது. எனிட் பூனையைப் பார்த்துக்கொள்கிறாள்.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை உனக்கு அங்கே சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கிறதல்லவா, அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிறேன். அதற்குள் நீயாகவே நிறுத்தியிருந்தால் ஏர்போர்ட்டுக்கு ஐவியோடு வா. இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி நான் மைதானத்துக்குள் இறங்குவேன், முழங்கால் வலியோடு மெதுவாகத்தான் வருவேன், ஆனால் வருவேன். ரெஃப்ரியின் மைக்குக்கு முன்னால் நின்று "இவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் சார்" என்பேன். ரேவன்ராய்டில் காலை பீரோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் அதையும் பனியனில் அடித்துக்கொள்ளட்டும்.

நீயும் சலோட்டேயும் ஐவியும் முயலும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், ஐவியின் கல்யாணத்தில் அவள் பெயர் உனக்கு நினைவிருக்க வேண்டும், கடவுளிடம் நான் வேறு ஒன்றும் கேட்பதில்லை. பதில் எழுதினால் நலம் என்று மட்டும் எழுதாதே.

நேற்று கிரேன் வைத்துத் தூக்கிப்போய் வண்டியை மைதானத்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நீ சொன்னது இப்போது பாதி உண்மையாகிவிட்டது, வெளியே வண்டி நிற்கிறது. உள்ளே யாரும் இல்லை, டேரன். அதனால் நான் வருகிறேன்.

உன் அம்மா,
பிரெண்டா ஆக்ராய்ட்