ஆலை வாசலில் ஒரு வேன்

பிப்ரவரி 9

கடையில் ஈ காக்காய் இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக்குக் கால் மாட்டிக் கொடுத்ததோடு சரி. மிச்ச நேரமெல்லாம் பின்னறையில். இந்த ஊரைப் பற்றிக் கையில் கிடைத்த எதையும் நான் விட்டதில்லை – சினிமா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ஆலைச் சங்கத்துத் துண்டறிக்கை, மூடிய கடைகளின் பெயர்ப்பலகை. என் வீட்டுக்காரருக்கு அது ‘குப்பைக் கிடங்கு’.

நூலகர் வந்திருந்தார். இதையெல்லாம் வாசிப்புக்கூடத்தில் கண்காட்சியாக வைக்கலாம் என்கிறார். வீட்டில் சொன்னேன்.

“அப்ப குப்பை கடையை விட்டுப் போகுதா?”

“ஒரு மாசத்துக்குத்தான்.”

மனுஷர் முகம் தொங்கிவிட்டது.

பிப்ரவரி 13

காகித ஆலை வேலைநிறுத்தப் படத்தைக் கண்டதும் நூலகர் வேறெதையும் பார்க்கவில்லை. அரை நூற்றாண்டுப் பழசு. ஆலை வாசலை மறித்து நிற்கும் கூட்டம். அதைப் பிளந்துகொண்டு உள்ளே போகும் வேன். அதன் ஜன்னலில், வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போன ஒரே ஒருவரின் முகம். நேராகக் காமிராவைப் பார்க்கிறது. நூலக வாசலிலேயே ஆளுயரத்துக்கு வைப்போம் என்றார்.

படம் அண்ணனுடையது. அப்பா பத்திரப்படுத்தியதை என் பெட்டியில் வைக்கத் தந்திருந்தான். முன்வரிசையில் கையை உயர்த்தி நிற்பது அப்பாதான். வாசலில் வைக்கக் கேட்டதும் அண்ணன் சம்மதித்துவிட்டான். “இப்பவாவது எல்லாரும் பார்க்கட்டும்.”

பிப்ரவரி 20

தையல்காரம்மா கடைக்கு வந்தார். பார்வை சரியில்லையோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“நூலகத்து வாசல்ல வேன் படம் வைக்கப்போறீங்களாமே. அதுல இருக்கறது எங்கப்பா. வேணாங்க்கா.”

எனக்குத் தெரியாததா? அந்த வீட்டுக்கு இன்றைக்கும் ‘வேன்காரன் வீடு’ என்றுதான் பெயர். நடந்ததை மறைக்கக் கூடாது என்றேன்.

“மறைக்கச் சொல்லல. என் பேத்தி தினமும் அந்த வாசல் வழியாத்தான் படிக்கப் போறா. அதான் கேட்கறேன்.”

போய்விட்டார். நான் சொன்னது சரிதான். சரிதானே?

பிப்ரவரி 21

அண்ணனுக்குப் போன் செய்தேன். கொதித்துவிட்டான். “அந்த வருஷம் நம்ம வீட்டுல அடுப்பு ஒழுங்கா எரியல. அந்த ஆள் வேன்ல சொகுசாப் போனான். படத்தை எடுத்தேன்னா நான் குடுத்ததையெல்லாம் திருப்பிக் குடுத்துடு.”

அவன் சொல்வதும் பொய்யில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

பிப்ரவரி 24

தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். குரலைப் பதிவு செய்யும் கருவி பையிலேயே கிடந்தது, வெளியே எடுக்க மனம் வரவில்லை. காலர் தைத்துக்கொண்டே பேசினார்.

“அப்பா ஏன் போனாருன்னு எங்களுக்கும் தெரியாதுக்கா. கேட்டா எழுந்து வெளிய போயிடுவார்.”

அதன்பிறகு ஆலையில் யாரும் அவரோடு பேசவில்லையாம். ஓய்வு பெறும்வரை தனியாகத்தான் சாப்பிட்டாராம். மளிகைக் கடையில் இவருடைய அம்மாவுக்குச் சாமான் தரமாட்டார்களாம். பக்கத்து ஊருக்கு நடந்து போய் வாங்கி வருவாராம்.

“பள்ளிக்கூடத்துல ஒருத்தி என் பக்கத்துல உட்கார்ந்தா. அவங்கம்மா வந்து அவளை இடம் மாத்திட்டாங்க.”

குரல் ஏறவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அந்த வேலைநிறுத்தத்துக்கென்றே என்னிடம் பெட்டி பெட்டியாக இருக்கிறது. எல்லாமே வெற்றி ஊர்வலத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் ஊர் அந்த வீட்டைப் படுத்திய பாடு ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இல்லை. ஊரையே சேர்த்து வைத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டது யாரு? நான்தான்.

பிப்ரவரி 27

முடிவாகிவிட்டது. படம் சின்ன அளவில், உள்ளே, மற்ற ஆலைப் படங்களோடு. கீழே தையல்காரம்மா சொன்னது, அவர் வார்த்தையிலேயே. “பேர் மட்டும் வேணாம்” என்று சம்மதித்தார். நூலகருக்குத்தான் வருத்தம்.

அண்ணனிடம் நேரில் சொன்னேன். “அப்பாவுக்காகப் பேச உனக்கு வாய் வரல” என்றான். அண்ணி கொடுத்த காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 3

அண்ணன் போனை எடுப்பதில்லை.

மார்ச் 6

திறப்பு. எதிர்பாராத கூட்டம். தங்கள் கல்யாணப் பத்திரிகையைக் கண்டுபிடித்த ஒரு தம்பதி, முகூர்த்தத்துக்கு யார் தாமதமாக வந்தது என்று அங்கேயே சண்டை. அண்ணன் வரவில்லை.

கூட்டம் கலைந்தபின் தையல்காரம்மா பேத்தியோடு வந்தார். எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு படத்தை – ரொம்ப நேரம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும். “இதுதான் உன் கொள்ளுத்தாத்தா” என்று பேத்திக்குக் காட்டினார்.

என் பக்கம் திரும்பி, “இதுல ஒரு பிரதி கிடைக்குமாக்கா? சின்ன வயசு அப்பா படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல” என்றார்.

படம் அண்ணனுடையது, அவனைக் கேட்கணும் என்றேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 8

அண்ணியிடம் சொல்லியனுப்பினேன். பதில் இல்லை.

மார்ச் 15

அண்ணன் கடைக்கு வந்தான். கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டதாம். மாட்டிக் கொடுத்தேன். போகாமல் நின்றான்.

“நூலகத்துக்குப் போயிட்டுதான் வர்றேன். அந்த மளிகைக் கடை... மறந்தே போயிருந்தேன். அந்தம்மா வெறும் பையோட திரும்பறதை நானே பார்த்திருக்கேன்.”

திருப்புளியை இழுப்பறையில் வைத்தேன்.

“அப்பா இருந்தா பிரதி குடுத்திருக்கமாட்டார்.”

“தெரியும்.”

கண்ணாடியைப் போட்டுத் தெருவைப் பார்த்தான். “என்ன அளவு வேணுமாம்?”

“கேட்கல.”

“கேட்டுச் சொல்லு.”

மார்ச் 16

பெரிதாகவே வேண்டுமாம். வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்ட.