காலொடிந்தவனின் பெயர்

முழங்கால் வலிக்கு மகள் இன்று ஒரு பிளாஸ்ரர் ஒட்டிவிட்டாள். உறையைக் கிழித்ததும் எழுந்த கற்பூர நெடியோடு நீரும் வந்து நின்றீர், கோச். கடைக் கல்லாவுக்குப் பின்னால், இரண்டு முழங்காலிலும் அதே பிளாஸ்ரரோடு. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல அவள் எழுதுகிறாள்.

நாங்கள் நாடு விட்டு வந்து குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்துக்குக் கீழேதான் உமது கடை. ஒருகாலத்தில் கொரியாவுக்கு உதைபந்து விளையாடியவர் என்று தெரிந்த அன்றே எங்கள் ஊர்ப் பெயரில் இங்கே நடத்திய கழகத்துப் பெடியள் உம்மைக் கோச் ஆக்கிவிட்டார்கள். நீர் முதலில் பழகிய தமிழ் "ஓடு". அடுத்தது "எண்டாலும்". முதல் நாளே விரலை நீட்டிச் சொன்னீர்: "யூ பிரேக் லெக், யூ அவுட். மை பிரதர் எண்டாலும் அவுட்." பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் கோடையின் இறுதி ஆட்டத்தில் சிரிப்பு நின்றது. எதிரே அயலூர்க் கழகம். நாங்கள் ஒரு கோல் முன்னால். பந்து எங்கோ போன பிறகு என் தம்பி சந்திரன் இரண்டு காலாலும் பாய்ந்து அவர்களுடைய பெடியன் ஒருவனின் கணுக்காலில் இறங்கினான். பச்சை மட்டை முறிகிற சத்தம் தண்ணீர்ப் போத்தல்களோடு கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. நடுவர் மஞ்சள் அட்டையோடு விட்டார், நீர் விடவில்லை. மாற்றாள் எவரும் மிச்சமில்லை. ஆனாலும் சந்திரனைக் சட்டைக் கழுத்தில் பிடித்து வெளியே இழுத்தீர். பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம்.

"டேய் கோச், நீ எந்த ஊரடா?" என்று எங்கள் ஆட்களே பாய்ந்தார்கள். "உவனுக்கு அங்கை சம்பந்தம் பேசியாச்சோ?" மூலைக் கொடிக்கம்பு உமது நெற்றியைப் பிளந்தது. விழுந்த உம்மை வயிற்றில் உதைத்தார்கள். நான் உமக்கு மேலே குப்புற விழுந்தேன். என் முன்பற்கள் அந்தப் புல்லில்தான் போயின. மறுநாள் உமது கடைக் கண்ணாடியையும் நொறுக்கினார்கள்.

அடுத்த பயிற்சிக்குத் தையல் போட்ட நெற்றியோடு வந்தீர். என்னையும் சந்திரனையும் தவிர ஒருவரும் வரவில்லை. அவன் சண்டைக்குத்தான் வந்தான். "ஏன் என்னை எடுத்தனீர்? கப் எங்கட கையிலயெல்லோ இருந்தது!"

நீர் கை ஓங்கவில்லை. இளவயதில், மனேஜர் சொன்னார் என்று ஒருவனின் காலை நீர் உடைத்ததைச் சொன்னீர். அன்று உமக்கு இறைச்சி விருந்து வைத்தார்களாம். அவன் பிறகு விளையாடவே இல்லையாம்.

"எவ்ரி கோல் ஐ நோ," என்றீர். "தட் பாய்... ஹிஸ் நேம், ஐ டோன்ட் நோ."

பிறகு எங்களை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனீர். கட்டிலில் கிடந்தவன் சந்திரனைக் கண்டதும் கோப்பையைத் தூக்கி எறிந்தான். அது உமது தையலில் பட்டு மறுபடி இரத்தம் வழிந்தது. நீர் துடைக்காமல் நின்றீர்.

"உன்ரை பேர் என்ன?" என்று சந்திரன் கேட்டான்.

"ஏன், மற்றக் காலையும் உடைக்கவோ?"

சந்திரன் அழத் தொடங்கினான்.

"ரமணன்," என்றான் கட்டிலில் கிடந்தவன்.

இப்போது நீர் இல்லை. உமது கொரியப் பெயர் என் பொக்கை வாயில் இன்றுவரை சரியாக நிற்கவில்லை. ரமணனுடைய பெயர் மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.